தற்காப்புக் கைத்துப்பாக்கிக்கு எந்த எடைக் குண்டு?

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சிலர் வீட்டுப் பாதுகாப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்குகிறார்கள். துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள், தோட்டா அலமாரி முன்னால் போய் நின்றதும் திணறிவிடுகிறார்கள். 115, 124, 147 என்று பெட்டிக்குப் பெட்டி ஒரு எண். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

1. எடைக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாக்களில் வந்திருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, ஒற்றைத் தோட்டா வைத்திருப்பதும் ஃபெடரல் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்களா? துப்பாக்கிப் பெட்டியின் சாவியை அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டாம்.

2. பெட்டியில் உள்ள எண், கிரெய்ன் என்ற அளவில் குண்டின் எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெய்ன். 124 கிரெய்ன் குண்டு கிட்டத்தட்ட 8 கிராம், அதாவது ஒரு சவரன் தங்கத்தின் எடை. 115 என்றால் ஏழரை கிராம், 147 என்றால் ஒன்பதரை. இது பறந்து போகிற குண்டின் எடை மட்டும்தான். பித்தளைக் கூடும் மருந்தும் சேர்ந்த முழுத் தோட்டாவின் எடை இல்லை.

3. எடையைத் தேர்ந்தெடுக்கலாம், அளவைத் தேர்ந்தெடுக்க முடியாது. குழலில் பொறித்திருக்கும் அளவு எதுவோ அந்தத் தோட்டாதான். 9 மி.மீ. தோட்டாவும் 380 தோட்டாவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. 9 மி.மீ.க்கு 115, 124, 147 வழக்கமான எடைகள். 45 ஏ.சி.பி.க்கு 185, 200, 230. 38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு 110 முதல் 158 வரை.

4. இலேசான குண்டு வேகமாகப் போகும், கனமானது நிதானமாகப் போகும். சாதாரண 9 மி.மீ. தோட்டாவில் 115 கிரெய்ன் குண்டு விநாடிக்குச் சுமார் 1,150 அடி, 147 கிரெய்ன் சுமார் 1,000 அடி. வேகத்தின் இருமடிப் பெருக்கத்தை வைத்து ஆற்றலைக் கணக்கிடுவதால், பெட்டியில் அச்சிட்ட ஆற்றல் எண்ணில் இலேசான குண்டு பெரும்பாலும் ஜெயித்துவிடும். அந்த எண்ணைக் காட்டிக் கடைக்காரர் விற்கப் பார்த்தால் மயங்க வேண்டாம்.

அந்தப் பாடத்தை எஃப்.பி.ஐ. பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 115 கிரெய்ன் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இதற்குப் பிறகுதான் சோதனை ஜெலட்டினில் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும் என்ற அளவுகோலை எஃப்.பி.ஐ. கொண்டுவந்தது. கனத்த துணி, பலகை, கார்க் கண்ணாடி இவற்றைத் தாண்டியும் சோதிப்பார்கள். நீங்கள் வாங்கும்போது, எடை எதுவானாலும், இந்தச் சோதனையில் தேறிய ரகமா என்று கேளுங்கள். எடையைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

5. குழல் நாலு அங்குலமோ அதற்கு மேலோ இருந்து, குறிப்பிட்ட காரணம் ஏதும் இல்லையென்றால் 124 வாங்குங்கள், யோசித்துக் குழம்ப வேண்டாம். மூன்று அங்குலக் குழல் கொண்ட சின்ன பிஸ்டலில் குண்டின் வேகம் குறையும். வேகத்தை நம்பி உடலுக்குள் விரிகிற இலேசான குண்டு சில சமயம் விரியாமலே போகும். அந்தச் சின்ன பிஸ்டலுக்கு, குறைந்த வேகத்திலும் விரியும்படி செய்த 147, அல்லது குட்டைக் குழலுக்கென்றே செய்த 124 ரகம் நல்லது. 147 பெரும்பாலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது; அதனால் காற்றைக் கிழிக்கும் அந்தக் கூடுதல் 'சடார்' இருக்காது. சத்தமே வராது என்று எண்ணிவிடாதீர்கள். மூடிய அறையில் எந்தத் தோட்டாவும் காதைக் கெடுக்கும்.

6. நம் ஊர் வீட்டை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அங்கே செங்கல் சுவர். அமெரிக்க வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. தற்காப்புக்கு உதவுகிற எந்த எடைக் குண்டும் அதைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போகும். இலேசான குண்டு போட்டால் பிள்ளைகள் அறைக்குப் போகாது என்பது வெறும் நம்பிக்கை. நுனியில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும், எதிராளியைத் தாண்டிப் போகும் வாய்ப்புக் குறைவு. ஆனால் குறி தவறினால் அதுவும் சுவரைத் தாண்டும். எந்த மூலையில் நின்றால் எந்த அறை குறுக்கே வரும் என்று பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

7. ரிவால்வர் வைத்திருப்பவருக்கு: நிலையான குறிமுள் கொண்ட பழைய 38 ஸ்பெஷல்கள் பல 158 கிரெய்னுக்கு ஏற்ப அமைத்தவை. 110 போட்டால் குறிக்குக் கீழே படும். இறகு போன்ற எடையில் வரும் புது ரிவால்வர்களில் வேறு தொல்லை. உதைப்பின் வேகத்தில், சுடாத தோட்டாவின் கனமான குண்டு முன்னால் நழுவி உருளையைச் சுற்றவிடாமல் செய்துவிடலாம். கையேட்டைப் பாருங்கள்.

8. 'பிளஸ் பி' என்று போட்டிருந்தால் அழுத்தம் கூடுதல் என்று பொருள். 9 மி.மீ.யில் சாதாரண உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ., பிளஸ் பி.யில் 38,500. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் போடுங்கள்.

9. பயிற்சிக்கு விலை மலிவான, முழு உறை போட்ட குண்டு போதும்; ஆனால் தற்காப்புக்கு வைத்திருக்கும் அதே எடையில் வாங்குங்கள். உதைப்பும் குண்டு படும் இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அசல் தற்காப்புத் தோட்டாவிலும் இரண்டு பெட்டியாவது உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். ஒன்று சிக்கினாலும் வேறு ரகத்துக்கு மாறுங்கள், அது எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும்.

10. தினமும் துப்பாக்கியைக் காலி செய்து மீண்டும் நிரப்புகிறவர்கள், அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பக் குழலறைக்குள் தள்ளினால் குண்டு கூட்டுக்குள் அமுங்கிவிடும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பழையது குட்டையாகத் தெரிந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

11. தோட்டாவைக் காய்ந்த, குளிர்ந்த இடத்தில் பூட்டி வையுங்கள். டெக்சஸ் கோடையில் கார் டேஷ்போர்டில் வேண்டாம். எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள்; அது பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'உயரத்தில் வைத்திருக்கிறேன்' என்பது பூட்டு ஆகாது.

12. நியூ ஜெர்சிக்காரர்கள் கவனிக்க: ஹாலோ பாயிண்ட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வாங்குமுன் பாருங்கள்.

13. ரேஞ்சுக்கு ஒரு பை, விமானப் பயணத்துக்கு ஒரு பை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையின் மடிப்பில் மறந்துபோன ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் அகப்பட்டால், 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குவரை போகும். ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாப் பைகளையும் கவிழ்த்து உதறிவிட்டு அடுக்குங்கள்.