பிழை மாணவரிடமா, தாளிலா?

வகுப்பறைச் சுவரில் உள்ள சுவிட்சுப் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரே வரிசையில் ஆறு சுவிட்சுகள். மேலே நான்கு விளக்குகள், இரண்டு மின்விசிறிகள். கடைசி வரிசை மாணவர்களுக்கு மின்விசிறி போட வேண்டுமென்றால் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்க்கிறோம். பல ஆண்டுகளாக அதே வகுப்பில் பாடம் நடத்துபவருக்கும் இதே நிலைதான். "இதுகூட நினைவில் நிற்பதில்லையே" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். உண்மையில் குறை நம் நினைவாற்றலில் இல்லை. எந்தச் சுவிட்சு எதற்கு என்பதை அந்தப் பலகை நமக்குக் காட்டவில்லை.

அன்றாடப் பொருள்களின் இத்தகைய குறைகளை அமெரிக்க உளவியலாளர் டொனால்டு நார்மன் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். சில கதவுகளில் இழுப்பதற்கு ஏற்ற கைப்பிடி இருக்கும். ஆனால் கதவைத் தள்ள வேண்டும். அதனால் "தள்ளவும்" என்று எழுதி ஒட்டுகிறார்கள். ஒரு கதவைத் திறப்பதற்கே எழுத்துக் குறிப்பு தேவைப்பட்டால், குறை வடிவமைப்பில்தான் இருக்கிறது. இவ்வகைக் கதவுகளுக்கு 'நார்மன் கதவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பயிற்சியால் தீராத தவறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானத்தின் வயிறு தரையில் மோதும். இது விமானியின் கவனக்குறைவு என்றே கருதப்பட்டது. 1943இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ், விமானியின் அறையைக் கவனித்தார். சக்கரங்களுக்கான விசையும் இறக்கை மடிப்புகளுக்கான விசையும் அருகருகே, ஒரே தோற்றத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும், மற்றதன் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தும் வழியைக் கண்டார். தொட்டாலே வேறுபாடு தெரிந்தது. மாற வேண்டியிருந்தவர் விமானி அல்லர், விசைதான்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் பயன்படுத்திய வாக்குச்சீட்டு நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கு முதியோர் அதிகம். அவர்கள் எளிதாகப் படிக்கட்டும் என்று எழுத்துகளைப் பெரிதாக்கினார்கள். அதனால் வேட்பாளர் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. எதிரெதிரான இரு பக்கங்களில் பெயர்களை அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையில் அமைத்தார்கள்.

இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாம் பெயர் அல் கோர். ஆனால் நடுவில் இருந்த இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் இருந்த புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. புக்கானன் அந்த மாவட்டத்தில் 3,407 வாக்குகள் பெற்றார். ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவை ஆயின. மாநிலம் முழுவதிலும் புஷ் வென்ற வித்தியாசமோ வெறும் 537 வாக்குகள்!

தேர்தலுக்கு முன்பே மாதிரிச் சீட்டைப் பலர் பார்த்திருந்தார்கள். ஆனால் பார்ப்பது வேறு, பயன்படுத்துவது வேறு. முதியவர்கள் சிலரிடம் சீட்டைக் கொடுத்து, "இன்னாருக்கு வாக்களியுங்கள்" என்று சொல்லி அருகில் நின்று கவனித்திருந்தால் குழப்பம் அன்றே தெரிந்திருக்கும். இப்படிக் கவனிப்பதுதான் பயன்பாட்டுச் சோதனை.

வகுப்பறைச் செயல்பாடு (6 முதல் 9ஆம் வகுப்பு வரை)

1. குழுவுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: சுவிட்சுப் பலகை, பசைக் குப்பி, நூலகப் பதிவேடு, அறிவிப்புப் பலகை.

2. அந்தப் பொருளைப் பயன்படுத்திப் பழகாத ஐந்து மாணவர்களை ஒவ்வொருவராக அழையுங்கள். "கடைசி மின்விசிறியைப் போடு" என்பதுபோல ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டாம்.

3. மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

4. கவனிப்பவர்கள் உதவக் கூடாது. ஆசிரியர்களாகிய நமக்கு இதுதான் கடினம். கையும் வாயும் துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. தயங்கிய இடம், தவறாகத் தொட்ட இடம், கைவிட்ட இடம் ஆகியவற்றைக் குறிக்கச் செய்யுங்கள். "அவருக்குத் தெரியவில்லை" என்று எழுதக் கூடாது. "முதலில் மூன்றாவது சுவிட்சைத் தொட்டார்" என்று எழுத வேண்டும்.

6. குறையைச் சரிசெய்து வேறு ஐந்து பேரிடம் மீண்டும் சோதியுங்கள். சுவிட்சுப் பலகையைத் திறக்க வேண்டாம். விளக்கு, மின்விசிறிகளின் இருப்பிடத்தை வரைந்து, எண்ணிட்டு அருகில் ஒட்டினாலே போதும்.

ஐந்து பேர் போதுமா என்ற கேள்வி எழலாம். ஐந்து பேரிடம் சோதித்தால் குறைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு. ஒரே முறை பலரிடம் சோதிப்பதைவிட, சிலரிடம் சோதித்து, திருத்தி, மீண்டும் சோதிப்பதே அவர் சொல்லும் வழி.

நம் வினாத்தாளுக்கும் இது பொருந்தும்

'பொருத்துக' வினாவின் பாதி ஒரு பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலும் அச்சாகியிருக்கும். விடை எழுதும் கோடு இரண்டு வினாக்களுக்கு நடுவே இருக்கும். எந்த வினாவுக்கு உரியது என்று தெரியாது. "படத்தைப் பார்த்து விடையளி" என்ற வினாவுக்கான படம் தாளின் பின்புறம் இருக்கும். பாடம் நன்றாகத் தெரிந்த மாணவரும் இங்கே மதிப்பெண்ணை இழப்பார். தாளைத் தயாரித்த நமக்கு அந்தக் குறை தெரியாது. ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்பது நமக்கு முன்பே தெரியும்.

எனவே பயிற்சித்தாளை நகலெடுக்கும் முன், மேல்வகுப்பு மாணவர் இருவர் மூவரிடம் கொடுத்து, பேசாமல் கவனியுங்கள். பத்து நிமிடம் போதும். திருத்தும்போதும் ஒன்றைக் கவனிக்கலாம். தவறுகள் மாணவருக்கு மாணவர் வேறுபட்டால், பெரும்பாலும் அது கற்றல் இடைவெளி. மீண்டும் கற்பிக்க வேண்டும். பலரும் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறியிருந்தால், பூஜ்யம் போடும் முன் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாளை ஒருமுறை பாருங்கள்.