பிடிவாதத்தில் எத்தனை வகை!

அன்புள்ள மகளுக்கு,

ரோசா பார்க்ஸைப் பற்றி நீ எழுதிய ஆங்கிலக் கட்டுரையைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு குறை. அவரையும் 'ஸ்டபர்ன்' என்கிறாய், அவரை எதிர்த்த நகர நிர்வாகத்தையும் 'ஸ்டபர்ன்' என்கிறாய். அகராதி ஒத்துக்கொள்ளும், நியாயம் ஒத்துக்கொள்ளாது.

'ஸ்டபர்ன்' பொதுச்சொல். மனிதரின் குணத்துக்கும் வரும், துவைத்தாலும் போகாத கறைக்கும் வரும். 'ஆப்ஸ்டினேட்' என்றால், எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பிடித்த பிடியை விடாதவர் என்ற கண்டனம் சேர்ந்துவிடும். யார் தடுத்தாலும் கேளாமல் தன் போக்கில் பாய்கிறவர் 'ஹெட்ஸ்ட்ராங்'. பெரும்பாலும் இளவயதினருக்கே இந்தப் பட்டம் கிடைக்கிறது.

இனி உன் கட்டுரைக்கு வருவோம். 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் மான்ட்கமரி நகரம். வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழச் சொன்னார் பேருந்து ஓட்டுநர். கைது செய்ய வைப்பேன் என்று மிரட்டியும் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் எழவில்லை. விளைவு தெரிந்தும் எடுத்த முடிவில் நிற்பவரை 'ரெசொல்யூட்' என்று எழுது.

அதன்பின் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். வேலைக்கு நடந்தே போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். சலிக்காமல் நாள்தோறும் தொடரும் இந்த விடாப்பிடிக்கு 'டாகிட்' பொருந்தும். நாயின் பெயரிலிருந்து பிறந்த சொல்தான். ஆனாலும் இன்று பாராட்டாகவே வழங்குகிறது.

அவர்கள் முதலில் கேட்டவை எளியவை: மரியாதையாக நடத்த வேண்டும், முந்தி வருபவருக்கு இடம் கொடுக்க வேண்டும். அதற்கும் நிர்வாகம் இறங்கி வரவில்லை. பேச்சுவார்த்தையில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவரை 'இன்ட்ரான்சிஜென்ட்' என்பார்கள். பிறர் படும் துன்பம் கண்டும் மனம் இளகாவிட்டால் அது 'ஆப்டுரேட்'.

தத்துவ அறிஞர் பெர்ட்ராண்ட் ரசல் 1948இல் பிபிசி வானொலியில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். ஒரே குணம்தான், நம்மிடம் இருந்தால் உறுதி, எதிரில் இருப்பவரிடம் இருந்தால் பிடிவாதம், அங்கே இல்லாதவரிடம் இருந்தால் மடத்தனம் என்று பெயர் சூட்டுகிறோம். ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்டுப் பார்: இவர் எதற்காக விடாமல் நிற்கிறார்? அதனால் துன்பப்படுவது யார், அவரா பிறரா? எனக்கு அவர்மேல் உள்ள கோபம்தான் இந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டபின் கட்டுரையைத் திருத்து. அநீதியை எதிர்த்து நின்றவருக்கும் அநீதியைக் கட்டிக்காத்தவருக்கும் ஒரே சொல்லைத் தராதே.

அன்புடன்,
பெரியப்பா