பாசியும் வெள்ளித் துகளும் மீனின் செவுளும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் ஒரு மரத்தினால் வந்தது என்பதை யாவரும் அறிவர். ஆயினும், அம்மரத்தை நேரில் கண்டவர் அந்நகரத்தாரிலேயே மிகச் சிலராவர். அதனைக் காண விரும்புவோர் நகருக்குக் கிழக்கே பிச்சாவரத்துக்குச் செல்லுதல் வேண்டும். வெள்ளாற்றின் கழிமுகத்துக்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்துக்கும் இடையே, உப்பங்கழிகள் சூழ்ந்த அலையாத்திக் காட்டில், சுரபுன்னையோடும் வெண்கண்டலோடும் தில்லை இன்றும் வளர்ந்து நிற்கின்றது. அதன் கிளையை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும். கண்ணில் பட்டாலோ சில காலம் பார்வையே மங்கிவிடும். அலையாத்திக் காடுகள் உள்ள வேறு சில நாடுகளில் மீன்களை மயக்கிப் பிடிப்பதற்கும் இப்பாலை உபயோகித்து வந்துள்ளனர்.

புனிதமாகக் கருதப்படும் மரம் ஒன்றின் பால் மீனுக்கு நஞ்சாவதை நாம் முதலில் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. "இயற்கைப் பொருள்தானே, கேடு என்ன செய்துவிடும்?" என்னும் எண்ணம் இக்காலத்தில் கிராமங்களிலும் பரவி வருகின்றது. மீன் குட்டைகளுக்கும் இறால் பண்ணைகளுக்கும் என விற்கப்படும் மருந்துகளின் மீது, பாசிச் சத்து, மூலிகைச் சாறு, நானோ வெள்ளி என்றெல்லாம் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இச்சொற்களின் பொருள் என்ன, அப்பொருள்கள் மீனின் உடலில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பனவற்றைக் கடலூர் மாவட்டத்து மீனவர்களும் மீன் வளர்ப்போரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டக் கூடிய நிலையம் தொலைவில் இல்லை. வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை அமைந்துள்ளது. 1781-ல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரோடு பொருத களம் அது; 1830-ல் ஆங்கிலேயர் ஒருவர் இரும்பு உருக்காலை தொடங்கியதும் அவ்வூரில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இயங்கி வருகின்றது. 1960-களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஆர். வி. சேஷையா அவர்களின் முயற்சியால் உருப்பெற்ற இம்மையத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தது மிகப் பொருத்தமே. ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, கடல் ஆகிய நான்கும் அங்கே கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. கோடையில் கழிமுகத்து நீர் ஏறக்குறையக் கடல் நீரைப் போன்றே லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்புக் கரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் வரும்போது அதே இடம் நன்னீராக மாறிவிடும். இந்த மாற்றத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பெரிதும் தேவைப்படும்.

இயற்கை நஞ்சைக் கணக்கறிந்து கையாள்வது நம் மக்களுக்குப் புதிய கலையன்று. மீன் குட்டையில் குஞ்சு விடுமுன், அங்குள்ள விரால் முதலிய கொன்றுண்ணி மீன்களை அகற்றுவதற்கு இலுப்பைப் பிண்ணாக்கு இடுவதுண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டையாயின் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ தேவைப்படும். அதில் உள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைக்கும் தன்மையுடையது; நம் பெண்டிர் தலைக்குத் தேய்க்கும் சீயக்காயிலும் அவ்வகைப் பொருளே நுரை தருகின்றது. சப்போனின் மீனின் செவுள் வழியாக உட்புகுந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றது. இரண்டு மூன்று வாரங்களில் அதன் நஞ்சு முறிந்து, பிண்ணாக்கு நல்ல எருவாகிவிடுகின்றது. இறால் பண்ணைகளில் இதே காரியத்துக்குத் தேயிலை விதைப் பிண்ணாக்கு உதவுகின்றது. இறாலின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் இல்லை. பிராணவாயுவைச் சுமக்கும் பொருளும் வேறு. ஆகவே, மீனைக் கொல்லும் அளவு இறாலைக் கொல்வதில்லை. மேலும், நீரில் உப்பு மிகுந்தால் சப்போனினின் வேகமும் மிகும். எனவே, உப்பு நீரில் குறைந்த அளவே போதுமானது.

இனிப் பாசிகளைப் பற்றிப் பார்ப்போம். கடலூர்க் கடற்கரை பெரும்பாலும் மணலும் சேறும் கொண்டதாகையால், பெரிய கடற்பாசிகள் இங்கு ஏராளமாக வளர்வதில்லை. அவற்றின் களஞ்சியம் மண்டபம், இராமேசுவரம் பகுதியின் பாறைகளும் பவளத் திட்டுகளுமேயாகும். அங்கே மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கட்டக்கோரையையும் சேகரிக்கின்றனர். முதல் இரண்டிலிருந்தும் அகர் என்னும் பசையும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினிக் அமிலமும் எடுக்கப்படுகின்றன. ஓடவும் ஒளியவும் இயலாத பாசி, வெயிலையும் கிருமிகளையும் தன்னைத் தின்ன வரும் பிராணிகளையும் ரசாயனத்தைக் கொண்டே சமாளிக்க வேண்டியுள்ளது. இதனாலேயே அதன் உடலில் பலவகைப் பீனால் பொருள்களும், கந்தகம் சேர்ந்த சர்க்கரைப் பொருள்களும், நிறப் பொருள்களும் நிறைந்திருக்கின்றன. கட்டக்கோரையிலுள்ள ஃபுக்காய்டான் என்னும் பொருளைத் தீனியில் கலந்து கொடுத்தால், வெண்புள்ளி நோயை எதிர்க்கும் ஆற்றல் இறாலுக்குக் கூடுகிறதா என்று பல இடங்களில் ஆராய்ந்து, ஊக்கம் தரும் முடிவுகளையும் கண்டுள்ளனர். 1990-களின் நடுவில் அந்நோயால் தமிழகக் கடற்கரைப் பண்ணைகள் அடைந்த பெருநஷ்டத்தை நினைத்தால் இந்த ஆராய்ச்சியின் அருமை விளங்கும். குளோராம்ஃபெனிகால் போன்ற மருந்துகளை மீன் வளர்ப்பில் உபயோகிக்கலாகாது என்று தடை இருப்பதனாலும் மாற்று வழி தேவைப்படுகின்றது.

பாசிக்கு மற்றொரு திறமையும் உண்டு. தேர்தலின்போது நம் விரலில் இடப்படும் மையில் சில்வர் நைட்ரேட் என்னும் வெள்ளி உப்பு உள்ளது. தோலில் பட்டு, வெயிலும் படவே, அவ்வுப்பிலிருந்து வெள்ளி பிரிந்து கருமையாகப் படிகின்றது. இதனைப் போன்ற வேலையையே பாசியின் சாறு கண்ணாடிக் குடுவைக்குள் செய்கின்றது. சில்வர் நைட்ரேட் கரைசலில் சாற்றைச் சேர்த்தால், நிறமற்ற நீர் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். கரைந்திருந்த வெள்ளி மிக நுண்ணிய துகள்களாகத் திரண்டுவிட்டது என்பதற்கு இந்நிறமே அடையாளம். சாற்றிலுள்ள பொருள்கள் அத்துகள்களைப் போர்வைபோல் மூடி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. 2007-ல் தமிழகத்து ஆராய்ச்சியாளர்கள் கட்டக்கோரை இனப் பாசியைக் கொண்டு 8 முதல் 12 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களை உண்டாக்கினர். 2009-ல் பரங்கிப்பேட்டை மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவருடன் பணியாற்றியோரும், அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பெனிசிலியம் இனத்துப் பூஞ்சணம் ஒன்றினால் வெள்ளித் துகள்களை உண்டாக்கிக் காட்டினர்.

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். ஒரு பொருள் இவ்வளவு சிறிதாவதனால் என்ன நேரும்? பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள சதுரக் கட்டி வெள்ளியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதனையே பக்கத்துக்கு ஒரு நானோமீட்டர் உள்ள துண்டுகளாக்கினால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! ஒரு சர்க்கரைக் கட்டி அளவு வெள்ளி ஒன்றரை ஏக்கர் நிலமாக விரிந்து நீரோடு உறவாடுகின்றது. அப்பரப்பு முழுவதிலிருந்தும் வெள்ளி சிறிது சிறிதாக அயனியாகக் கரைந்துகொண்டே இருக்கும். கிருமிகளைக் கொல்வது பெரும்பாலும் இந்த அயனியே.

மீனுக்கு ஆபத்து வருவதும் அதனாலேயே. மீனின் செவுள் மூச்சுறுப்பு மட்டுமன்று. உடலின் உப்பைக் காக்கும் உறுப்பும் அதுவே. நன்னீரில் வாழும் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரின் உப்பைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே, உடலின் உப்பு ஓயாது வெளியே கசிந்துகொண்டிருக்கும். ஏற்றம் இறைப்பவர் கிணற்று நீரை மேலே ஏற்றுவதுபோல, செவுளின் உயிரணுக்கள் நீரிலுள்ள சிறிதளவு சோடியத்தை ஓயாது உள்ளே இழுத்து ஈடு செய்கின்றன. இந்த ஏற்றத்தை இயக்கும் நொதியை வெள்ளி அயனி பற்றிக்கொண்டு முடக்கிவிடுகின்றது. உள்ளே வருவது நிற்கின்றது, கசிவது நிற்பதில்லை. பார்ப்பவருக்கு மீன் மூச்சுத் திணறி இறப்பதுபோல் தோன்றலாம். உண்மையில் அது இரத்தத்தின் உப்பை இழந்தே மடிகின்றது. சில நன்னீர் மீன்களைக் கொல்ல, லிட்டர் நீரில் சில பத்து மைக்ரோகிராம் கரைந்த வெள்ளியே போதும். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். நானோ துகளாக உள்ள வெள்ளி மெல்லவே கரைவதால், கொல்வதற்கு அதைவிட அதிக அளவு வேண்டியிருக்கும். ஆயினும், சாகாத மீன் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. துகள்கள் படிந்த செவுளின் இதழ்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் விஞ்ஞானிகள் கண்டுள்ளனர்.

கடல் நீரில் கதை மாறுகின்றது. அதிலுள்ள ஏராளமான குளோரைடு, வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்வதால் அது செவுளுக்குள் எளிதில் நுழைய முடிவதில்லை. உப்பு மிகுந்தால் சப்போனினின் வேகம் கூடும் என்றோம். வெள்ளியின் வேகமோ குறைகின்றது! இங்கேதான் வெள்ளாற்றுக் கழிமுகத்தை நினைவுகூர வேண்டும். சித்திரையில் கடல் நீர் நிறைந்திருக்கும்போது கேடு செய்யாத அளவு வெள்ளி, கார்த்திகை வெள்ளத்தில் அதே இடத்தில் கேடு செய்யக்கூடும். மடவை, கொடுவா, இறால் ஆகியவற்றின் குஞ்சுகள் இத்தகைய கழிமுகங்களையும் பிச்சாவரத்து உப்பங்கழிகளையும் நாடி வந்தே வளர்கின்றன. கிள்ளை, முடசலோடை, அன்னங்கோயில் முதலிய ஊர்களின் பிழைப்பு அக்குஞ்சுகளை நம்பியுள்ளது. வடக்கே, கடலூர் உப்பனாற்றில் தொழிற்பேட்டைக் கழிவுகள் கலப்பது பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். அத்தகைய நீருக்குப் புதியதோர் உலோகச் சுமை தேவையில்லை.

உப்பு நீரில் வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடுகின்றன. அவை மறைந்துவிட்டன என்று மகிழ்வதற்கில்லை. சேற்றைத் தின்று வாழும் புழுக்களும் சிப்பிகளும் அவற்றை உட்கொள்கின்றன. பண்ணைக் குளத்துக்குள்ளேயே மற்றொரு தொல்லையும் உண்டு. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைத் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றுபவை அடிச்சேற்றில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள். வெள்ளிக்கு மிக எளிதில் இரையாகும் கூட்டத்துள் இவையும் அடங்கும். நோய்க் கிருமியை ஒழிக்கப் போய்த் தோட்டியையும் ஒழித்துவிட்டால் வீதி என்னாகும்?

பாசிச் சாற்றைக் கொண்டு செய்த வெள்ளித் துகள், நச்சு ரசாயனங்களைக் கொண்டு செய்ததைவிட மேலானது என்று கூறுவது செய்முறையைப் பொறுத்தவரை சரியே. ஆலையில் நச்சுக் கழிவு குறையும். ஆனால், போர்வை பாசியுடையதாயினும் உள்ளே இருப்பது வெள்ளியே. இலுப்பையின் நஞ்சு மக்கி எருவாகும். வெள்ளி ஒரு மூலகமாதலால் எத்தனை ஆண்டாயினும் மக்காது. எனவே, பாசியைத் தீனியாகக் கொடுப்பதையும், பாசியின் பெயரால் வெள்ளியை நீரில் கலப்பதையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. முன்னதை நாம் வரவேற்கிறோம். பின்னதை, காயத்துக்குக் கட்டும் துணியிலும் குடிநீர் வடிகட்டியிலும் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வதே தக்கது என்பது எம் கருத்து.

மீன் வளர்ப்போர் எந்த மருந்தை வாங்கினும், அதிலுள்ள பொருளின் பெயரும் அளவும் புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். இல்லையெனில் வாங்காதிருத்தல் நன்று. பிண்ணாக்கு இட்ட குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன், சிறுகண் வலையைத் தொட்டில்போல் கட்டி, அதில் பத்துக் குஞ்சுகளை ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார்க்கலாம். அவை துடிப்போடு நீந்தினால் குளம் ஆயத்தமாகிவிட்டது. மேலே வந்து வாய் பிளந்தாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ, மேலும் ஒரு வாரம் பொறுத்துச் சோதித்தல் வேண்டும். உலோகம் கலந்த மருந்துகளுக்கு இச்சோதனை போதாது. ஒரு நாளில் வெளிப்படாத கேடு செவுளில் பல வாரங்கள் கழித்தே தெரியவரும். அதற்கு நீரையும் சேற்றையும் புட்டிகளில் எடுத்து, எடுத்த நாளையும் நீரின் உப்பளவையும் குறித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே வழி. மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தல் அவசியம்.