பாடம்: கைத்தொலைபேசியில் உள்ள படங்களைப் பாதுகாத்தல்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதியையும் கலியாணப் படங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. எடுக்க அவகாசமில்லாமல் விட்டுவந்தவர்களும் உண்டு. இன்று அந்தப் பையின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. உறுதியின் படம், எல்லை வேலியின் வீடியோ, வெள்ளம் அழித்த வயல், காலஞ்சென்ற அம்மாவின் முகம் எல்லாம் அதற்குள்தான். அது கிணற்றில் விழுந்தால் என்ன செய்வோம்?

விதைநெல் முழுவதையும் ஒழுகும் கூரையின் கீழ் ஒரே மூட்டையில் வைக்கும் விவசாயி இல்லை. படங்களுக்கும் அதே முறைதான். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களிலாவது இருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

செய்யும் முறை

1. முதலில் தரம் பிரியுங்கள். உறுதி, அனுமதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஒரு கோப்புறையில், காணியும் பயிரும் இன்னொன்றில், குடும்பம் மற்றொன்றில். பெயரில் ஆண்டையும் இடத்தையும் எழுதுங்கள்.

2. கைத்தொலைபேசியை வயர் மூலம் கணினியுடன் இணைத்துப் பிரதி எடுங்கள். பழைய யூஎஸ்பி 2.0 இணைப்பில் 64 ஜிகாபைட் மாற அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். சிறு படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் தாமதிக்கும். இடையில் வயரைக் கழற்ற வேண்டாம்.

3. "வெட்டி ஒட்டுதல்" கூடாது. "பிரதி எடுத்தல்" மட்டுமே. மின்சாரம் நின்றாலும் மூலப்படம் தப்பும்.

4. எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். சில படங்களையும் நீண்ட வீடியோக்களையும் திறந்து பாருங்கள். இரண்டாவது பிரதியும் எடுத்த பின்னரே கைத்தொலைபேசியில் அழியுங்கள்.

5. பெரிய வீடியோ பென்டிரைவில் ஏற மறுத்தால், அது பாட் 32 முறையில் அமைந்திருக்கலாம். அம்முறை 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்பை ஏற்காது. எக்ஸ்பாட் முறைக்கு மாற்றலாம். ஆனால் மாற்றும்போது பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும். முன்னரே வேறிடத்தில் பிரதி எடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதன் தரம் குறையும். உறுதியின் சிறிய எழுத்துகள் மங்கிவிடும். "ஆவணம்" என்ற வழியில் அனுப்புங்கள்.

இணையச் சேமிப்பு நல்லது. ஆனால் கைத்தொலைபேசியில் அழிக்கும்போது இணையப் பிரதியும் சேர்ந்து அழியக்கூடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வன்தட்டு கீழே விழுந்தால் பழுதாகும். பென்டிரைவ் பல ஆண்டுகள் பாவிக்காமல் கிடந்தால் பதிவு அழியலாம். ஈரம் புகாத டப்பாவில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். தைப்பொங்கலை ஒட்டி ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறவாது.

உறுதியின் படம் மூல உறுதிக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியன தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி கேட்பது இலகு. ஆகவே எல்லாப் பக்கங்களையும், பின்பக்கத்தையும் படமெடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாடுவோம்

1. இன்றிரவே வீட்டை விட்டுப் புறப்பட நேர்ந்தால், எந்தப் படங்களை இழப்போம்?
2. மூன்றாவது பிரதியை எந்த ஊரில், எந்த உறவினரிடம் ஒப்படைக்கலாம்?
3. கணினி இல்லாத வீட்டாருக்கு நம்மில் யார் உதவலாம்?