செம்பருந்துக் கூட்டைப் படமெடுக்கப் போகிறீர்களா?

வெண்தலைக் கழுகு கூடு கட்டுவதைப் பார்க்க வட அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். நமக்கோ வெள்ளைத் தலையும் செங்கல் நிற இறக்கையுமாக, கோயில் குடமுழுக்கில் அண்ணாந்து தேடுவோமே, அந்தக் கருடனே இருக்கிறது. செம்பருந்து என்பதும் அதைத்தான். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்கள், மலைக்கு முன்னால் அடிவாரத்து ஏரிக்கரைகளில் சற்று நின்று வானத்தைப் பாருங்கள்.

1. கூடு கட்டும் காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. தண்ணீருக்குப் பக்கத்தில் ஆல், அரசு, தென்னை என்று உயரமான மரமாகத் தேடும். சுள்ளியோடு பறக்கும் பறவையைக் கண்ணால் மட்டும் தொடருங்கள், காலால் வேண்டாம். வால் நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து; பிளந்திருந்தால் கள்ளப்பருந்து.

2. எவ்வளவு தூரத்தில் நிற்பது? பறவையே சொல்லும். இறகு கோதுவதை நிறுத்திவிட்டு உங்களையே உற்றுப் பார்த்தால் அது முதல் எச்சரிக்கை. கத்தினாலோ, தலைக்கு மேல் வட்டமிட்டாலோ ஏற்கெனவே கிட்டே போய்விட்டீர்கள், உடனே பின்வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டே முட்டைதான். நான்கு வாரம் அடைகாக்க வேண்டும். தாய் எழுந்து போன சில நிமிடம் காகத்துக்குப் போதும். குஞ்சு பொரித்த பிறகு, உச்சி வெயிலில் இறக்கையைச் சற்றே விரித்து, அலகைத் திறந்து இளைத்தபடி குஞ்சுகளுக்கு நிழல் தந்து நிற்கும். நாம் மரத்தடிக்குப் போனால் அந்தக் குடை பறந்துவிடும்.

3. கேமராவை நிறுத்த முக்காலி இல்லையா? பழைய தலையணை உறையில் மூன்று கிலோ அரிசியைக் கொட்டி வாயை இறுகத் தைத்து, கார் ஜன்னலில் வையுங்கள். லென்ஸ் அசையாது. காருக்குள்ளேயே இருந்தால் பறவையும் அவ்வளவாக மிரளாது.

4. காலை ஒன்பது மணிக்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பறக்கும் படத்துக்கு ஷட்டர் வேகம் 1/1600க்குக் குறையக் கூடாது. வெள்ளைத் தலை வெளுத்துப் போகாமலிருக்க எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். ஃபிளாஷ், டிரோன் இரண்டும் அறவே வேண்டாம்.

5. ஏற்காட்டுக் குளிரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விடுங்கள். வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

6. மறைக்கிறதென்று ஒரு கிளையையும் ஒடிக்காதீர்கள். அந்த இலைதான் கூட்டுக்கு நிழல். கூட்டைச் சிதைப்பதும் முட்டையை எடுப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

7. படத்தைப் பகிரப் போகிறீர்களானால், எடுக்கும் முன்பே போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். ஊரைச் சொல்லலாம், மரத்தைச் சொல்லக் கூடாது.

8. குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து பாலும் சோறும் ஊட்டாதீர்கள். நாய், காகம் நெருங்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

9. கந்தல், நூல் என்று கிடைத்ததையெல்லாம் பருந்து கூட்டுக்குள் கொண்டுபோகும். நைலான் நூல் குஞ்சின் காலில் சுற்றினால் இறுகிக்கொண்டே போகும். திரும்பும்போது கரையில் கிடக்கும் தூண்டில் நரம்பையும் மாஞ்சா நூலையும் பொறுக்கி, பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.