பந்தல் போட்டா மட்டும் போதாது, தங்கச்சி!

சித்திரை வெயில் வந்துட்டா போதும், செஞ்சிக்கோட்டை ரோட்டுல நீர்மோர்ப் பந்தல் போட ஆளாளுக்கு ஆசை வந்துடும். முதல் நாள் மாலை, போட்டோ, இருபது பேர். நாலாம் நாள் மத்தியானம் பார்த்தா காலிப் பானையும், நிழலுக்கு ஒதுங்கின நாயும்தான். 2025 ஜூலையில கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல ஏறியாச்சு. ஊர் மானத்தை வாங்காதீங்க. சொல்றதைக் கேளுங்க.

1. குளக்கரை ஆசையை விடுங்க. "செட்டிக்குளத்துக் கரையில அடுப்பு மூட்டினா ஜோரா இருக்கும்க்கா"ன்னு ஒரு தம்பி சொன்னான். ஜோராத்தான் இருக்கும். ஆனா அந்தக் குளம் கோட்டைக்குள்ள இருக்கு, கோட்டை தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, அனுமதிச்ச இடம் தவிர சமைக்கக் கூடாது. வெளியில, வண்டிக்கு இடைஞ்சல் இல்லாத மர நிழலாப் பாருங்க.

2. பதிவை முடிச்சிட்டுப் பந்தக்கால் நடுங்க. இலவசமாத்தானே தர்றோம்னு அசட்டையா இருக்காதீங்க. உணவுப் பாதுகாப்புத் துறையில முன்கூட்டியே கேட்டு முடிச்சிடுங்க.

3. மனக்கணக்கு இதுதான். 4 லிட்டர் கெட்டித் தயிர், 16 லிட்டர் குடிதண்ணி. 200 மில்லி டம்ளர்ல 100 பேருக்கு வரும். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை விழுதை ராத்திரியே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க.

4. மொத்தமாக் கலக்காதீங்க. முதல் வருஷம் நான் காலையிலேயே எல்லாத்தையும் கரைச்சு வெச்சேன். ஒரு மணிக்கு வாயில வைக்க முடியல, அவ்வளவு புளிப்பு. அத்தனையும் வாழைக்குப் போச்சு. தயிர் தனியாக் குளிர்ச்சியில இருக்கட்டும், பானை காலியாகக் காலியாகக் கலக்குங்க. பானையைச் சுத்தி ஈரத்துணி கட்டுங்க. கண்ட இடத்துல ஐஸ் கட்டி வாங்கிப் போடாதீங்க.

5. குளத்துல, ஏரியில டம்ளர் அலசவே கூடாது. கோட்டைக்குள்ள இருக்கிற கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியாத் தண்ணி ஏத்தின ஊர் இது. உங்களால ரெண்டு குடம் நல்ல தண்ணி கொண்டுவர முடியாதா? சோப்புத் தண்ணிக்கு ஒரு வாளி, அலச ரெண்டு வாளி. கலங்கினா உடனே மாத்துங்க.

6. பேப்பர் கப்னு ஏமாறாதீங்க. பிளாஸ்டிக் பூசின கப்புக்கும் 2019 ஜனவரி 1லிருந்து தடை. எவர்சில்வர் டம்ளர் ஐம்பது போதும். குப்பையும் மிச்சம்.

7. குரங்குக்கு இரக்கம் காட்டாதீங்க. ஒண்ணுக்கு வெள்ளரிப்பிஞ்சு நீட்டினா, மறுநாள் குடும்பத்தோட வரும். கனமான மூடி, அது மேல ஒரு கல்லு. அவ்வளவுதான்.

8. இருபது பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். ஆனா யார், எந்த நாள், எத்தனை மணின்னு எழுதி ஒட்டுங்க. காலையில நிக்க எல்லாரும் வருவாங்க. மலை ஏறினவங்க நாக்கு வறண்டு இறங்கி வர்றது உச்சி வெயில்ல. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஆள் இருந்தாத்தான் அது பந்தல்.

9. பத்து நாள் முடியாதா? மூணு நாள்னே போர்டு வையுங்க. பரவாயில்ல, யாரும் குறை சொல்ல மாட்டாங்க. பத்துன்னு எழுதிட்டு நாலாம் நாள் காணாமப் போனாத்தான் தப்பு. ராஜகிரி மலையில இருந்து இறங்கி வர்ற பாட்டி, போர்டை நம்பித்தான் கையிலிருந்த பாட்டில் தண்ணியைப் பேரனுக்குக் கொடுத்திருப்பாங்க.