கருமணலில் ஒரு பாடம்

கனிப்பொருள் எது என்று சிறுவர்களைக் கேட்டால் தங்கம், இரத்தினக்கல் என்றே பதில் வரும். புல்மோட்டைப் பிள்ளைகள்கூடத் தாம் மிதித்து விளையாடும் கருமணலை எளிதில் சொல்வதில்லை. ‘இல்மனைற்’ என்ற சொல் இங்கு எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அது வேலைத்தலத்தின் பெயராகவே அவர்கள் மனதில் நிற்கிறது. பாடத்தை இங்கிருந்தே தொடங்குவோம்.

பழைய பாறைகள் வெயிலாலும் மழையாலும் உடைந்து, துகள்களாய் ஆறுகளோடு கடலுக்கு வந்தன. அவற்றைத் தரம் பிரித்தது அலை. அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிறதல்லவா? அவ்வாறே பாரமான துகள்கள் கரையில் தங்க, இலேசானவை அலையோடு போய்விட்டன. வாடைக்காற்றுக் காலத்தில் இவ்வேலை இன்றும் நடக்கிறது.

ஒரு சிரட்டை கருமணலும், அரிசிமலைக் கரையிலிருந்து ஒரு சிரட்டை வெண்மணலும் போதும். ஒரே அளவான இரு போத்தல்களில் நிரப்பிப் பிள்ளைகளின் கைகளில் கொடுங்கள். வெண்மணல் பெரும்பாலும் படிகக்கல், நீரைவிட 2.65 மடங்கு பாரமானது. இல்மனைற் ஏறத்தாழ 4.7 மடங்கு. தராசு தேவைப்படாது, கையே சொல்லிவிடும். அடுத்து காந்தம். அதில் துள்ளி ஒட்டிக்கொள்வது சிறிதளவே உள்ள மக்னடைற். இல்மனைற்றைக் காந்தம் மெதுவாகவே இழுக்கும். அதற்கு வலுவான காந்தம் வேண்டும். வெண்மணலில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைப்பவை சிப்பி ஓட்டுத் துண்டுகள், படிகக்கல் நுரைக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் சிவந்த கார்னெட்டையும் கண்ணாடி போன்ற சேர்கோனையும் தேடலாம். கருமணலில் சிறிது மொனசைற்றும் உண்டு. அதிலுள்ள தோரியம் கதிர்வீச்சுடையது. ஆகவே மணலை ஊதவோ வாயில் வைக்கவோ விடாமல், பாடம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டுக் கைகழுவச் செய்யுங்கள்.

இம்மணல் எங்கே போகிறது? இல்மனைற் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. அதிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு தூய வெள்ளைப் பொடி. பெயின்ற், கடதாசி, பற்பசை ஆகியவற்றின் வெண்மை பெரும்பாலும் அதுவே. கறுப்பு மணலுக்குள் வெள்ளை இருப்பதைப் பிள்ளைகள் நம்பச் சற்று நேரமாகும்! றூட்டைல் வெல்டிங் கம்பியின் மேற்பூச்சுக்கும், சேர்கோன் பீங்கான் மெருகுக்கும் போகின்றன. பழைய பெற்றோமக்ஸ் விளக்கின் மாண்டிலை ஒளிரச் செய்தது தோரியமே. தோரியம் மிகுந்த தோரியனைற் என்னும் கனிப்பொருளை 1904இல் இந்நாட்டில் கண்டறிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராக மட்டும் நாம் அறிந்த அவர், அப்போது இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளர்.

1957இல் அமைக்கப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனமே இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனமாக உள்ளது. அங்கும் நடப்பது நம் சிரட்டைச் சோதனைதான்: நீரால் பாரம் பிரித்தல், காந்தத்தால் இல்மனைற்றை இழுத்தல், பின் மின்சாரத்தால் றூட்டைலையும் சேர்கோனையும் விலக்குதல். பிரித்தவை பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றன. ஒரு தொன் மணலுக்கு என்ன விலை, கடையில் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற் என்ன விலை என்று மூத்த மாணவர்கள் விசாரித்து வரட்டும்.

இன்னொரு வேலையும் தரலாம். கரையில் ஒரு பனையைக் குறித்து, அதிலிருந்து அலை தொடும் இடம்வரை கயிறு பிடித்து மாதம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதட்டும். வாடைக்கு முன்னும் பின்னும் அளவு மாறும். எனவே ஒரு வருடக் கணக்கு போதாது. கரைவலை இழுக்கும் பெரியவர்களிடம் முன்பு கரை எங்கே இருந்தது என்றும் கேட்டு, அதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.